மூன்றாம் முறை கூப்பிடாத பெயர்

ஹென்டர்சன்
9 நவம்பர் 2025

செபாவுக்கு,

காலஞ்சென்ற லிங்கேஸ்வரன் எழுதிக்கொள்வது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சர்ச்சின் தமிழ்ப் பூசையில், இறந்தவர்களுக்கான நாளில், என் பெயரை மைக்கில் வாசித்தார்களாம். சபை முழுக்க எனக்காக மன்றாடியதாம். முதல் பெயரே என்னுடையதாம். நம் டீம் கேப்டன் என்ற மரியாதையாக இருக்கும்.

இதை எனக்குச் சொன்னது நீ இல்லை. நம் டீம் டெஸ்மன் சொன்னான், அதுவும் என் வீட்டுக்காரி ஷாமளாவிடம். மளிகைக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய், "அண்ணைக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து மன்றாடினம், கேள்விப்படேல்லையோ அக்கா?" என்று சிரித்திருக்கிறான். அவள் வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, என் எதிரிலேயே உன் நம்பரை என் போனிலிருந்து அழித்தாள். நான் தடுக்கவில்லை. கோபப்படக் கூடாது என்று இருதய டாக்டர் சொல்லியிருக்கிறார், உன்னோடு போனில் பேசினால் எனக்குக் கோபம் வரும். கடிதம் உன் வீடு வந்து சேர நாலைந்து நாள் ஆகும். அதற்குள் ஆறிவிடுவேன்.

கேள்வி ஒன்றே ஒன்று. பதினேழு வருடமாக ஒன்றாகப் பந்து உதைக்கிறோம். மூன்று வருடமாக ஒன்றாக உட்கார்ந்து அந்த ராணுவ வண்டிப்படைக் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதுகிறோம். விக்டோரியா ராணி காலத்தில் இந்த ஊரில் தொடங்கி, பதினான்கே மாதத்தில் இல்லாமல் போன ஒரு கழகம். அதன் ஒவ்வொரு ஆளுக்கும் என்ன ஆயிற்று என்று நீ நூலகம் நூலகமாக அலைகிறாய். அப்படிப்பட்ட நீ, என் பெயரை வாசித்தபோது அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். ஏன் எழுந்து நிறுத்தவில்லை?

18ஆம் தேதி எனக்கு வால்வு ஆபரேஷன் என்பது உனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சும்மா சொல்கிறேன்.

லிங்கேஸ்வரன்
(இதுவரை மூச்சு விடுகிறேன்)


ஒனெஹுங்கா
14 நவம்பர் 2025

அன்புள்ள லிங்கண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் மூன்று தரம் வாசித்தேன். பிழை என்னுடையதுதான். எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வழக்கப்படி ஒக்டோபர் கடைசியில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மரித்தவர்களின் பெயரை எழுதி, உறையில் போட்டுக் கோயிலில் கொடுக்கும். அஞ்சலினா எங்கள் வீட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த எனக்கு அந்தக் கழகத்துப் பதினொரு பேருடைய நினைவு வந்தது. கலியாணம் காட்சி இல்லாமல் கப்பலில் வந்து இறங்கி, படைக்கு மாவும் ஓட்ஸும் ஏற்றின பெடியங்கள். நூற்றி அறுபது வருடத்தில் யாராவது அவர்களுடைய பெயரைச் சொல்லி மன்றாடியிருப்பார்களா? அந்த எண்ணத்தில் எங்கள் தாளையும் எடுத்து உறைக்குள் வைத்துவிட்டேன்.

எந்தத் தாள் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆளுக்கொரு படைவீரன் என்று நாங்கள் பிரித்துக்கொண்ட தாள். இடப்பக்கம் படைவீரர்களின் பெயர், கழகத்தின் பழைய குறிப்புக் கொப்பியைப் பார்த்து நான் எழுதின ஆங்கிலக் கூட்டெழுத்தில். வலப்பக்கம் அவரவரைத் தேடப் பொறுப்பெடுத்த எங்கள் ஆட்களின் பெயர், உங்கள் அச்சுப் போன்ற தமிழ் எழுத்தில். ஆர்க்கெல் என்றால் லிங்கேஸ்வரன். ஹேவர்ட் என்றால் செபஸ்ரியன். அப்படியே பதினொன்று. வாசித்த பிள்ளை சென்னையில் இருந்து வந்து இரண்டு கிழமைதான். தமிழ்ப் பூசைக்குத் தமிழ்ப் பக்கம்தான் என்று நினைத்து வலப்பக்கத்தை வாசித்துவிட்டாள். சதாசிவம் என்ற பெயர் வந்தபோது சுவாமியார் ஒருக்கால் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குனிந்துவிட்டார்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். உங்கள் பெயர் வந்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்தது என் பெயர். அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை, அண்ணை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எங்கள் வேலையிடத்துக் குளிர்க் களஞ்சியத்தின் பெரிய கதவைத் திறக்கும்போது தரையில் இருந்து புகை மாதிரி எழும்புமே, அதற்குள் நிற்பது போல இருந்தது. நீங்கள் கீறித் தந்த படத்தின்படி நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தரைக்குக் கீழேதான் அவர்களுடைய மைதானம் இருக்கிறது. பெட்டி அடுக்குகளின் பதினான்காம் வரிசை முடிகிற இடத்தில், இரண்டு வண்டிகளை ஏர்க்கால் மேலே பார்க்க நிறுத்தி வைத்ததுதான் அவர்களுடைய கோல் கம்பம். உறைந்த பட்டாணிப் பெட்டிகளோடு அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் வேகத்தைக் குறைப்பேன். யாரோ பக்கத்தில் ஓடி வருவது போலவே இருக்கும். அன்றைக்குக் கோயிலில் பெயர் வாசித்தபோதும் அங்கே போய் வரிசையில் நிற்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். நினைவு திரும்பினபோது பதினொரு பெயரும் முடிந்திருந்தது.

இவ்வளவுதான் என்னுடைய சமாதானம். இது போதாது என்று தெரியும். ஷாமளா அக்காவிடம் வந்து காலில் விழவும் தயார். நீங்கள் 18ஆம் திகதி போங்கள். இந்தப் பிழையை அந்த அலுவலோடு சேர்க்க வேண்டாம்.

செபஸ்ரியன்


ஹென்டர்சன்
24 நவம்பர் 2025

செபா,

போகவில்லை.

17ஆம் தேதி ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து சளி, இருமல் என்றேன். இருமல் இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், வேறு தேதி தருகிறோம் என்றார்கள். ஷாமளாவிடமும் இரண்டு தடவை இருமிக் காட்டினேன். அவள் இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். இல்லாத இருமலுக்கு மூன்று நாள் இஞ்சித் தண்ணீர் குடித்தேன்.

நீ நினைப்பது போல இல்லை. முப்பது வருடம் கட்டட வரைபடம் போட்டவன் நான். ஒரு பெண் தாளைப் பார்த்துப் பெயர் வாசித்ததால் ஒருவனுடைய இருதயம் நிற்காது என்பது எனக்குத் தெரியும். ஷாமளா கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தாள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

பகலில் நிறையத் தூங்குகிறேன். தூக்கத்தில் உன் மைதானம் வருகிறது. எரிமலைக் கல் கிடக்கிற ஈரப் புல்வெளி, அங்கங்கே மாடு. நாம் எழுதினோமே, மூன்றாவது ஆட்டத்தில் மாடுகள் நடுவில் வந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்காததால் மாட்டைச் சுற்றியே விளையாடினார்கள் என்று, அதே மாடுகள். அந்தக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்ற சட்டமே உறுதியில்லை, கையால் பிடிக்கலாமா கூடாதா என்பதை அன்றன்றைக்குப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். கனவிலும் அந்தப் பேச்சு நடக்கிறது. பேசி முடித்ததும் செயலாளர் ஹேவர்ட் கொப்பியைத் திறந்து பெயர் கூப்பிடுகிறான். பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள். பதினோராவதாக என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை.

என் ஆள் ஆர்க்கெலைப் பற்றிக் கேட்கிறேன். கழகத்தின் ஏழாவது விதி உனக்கு மனப்பாடம். வண்டிக்காரர்கள் வாரக்கணக்கில் தெற்கே போய்விடுவார்கள், ஒரு சனிக்கிழமை வராதவனை விலகியவன் என்று சொல்ல முடியாது. அதனால் மூன்று சனிக்கிழமை மைதானத்தில் பெயரைக் கூப்பிட்டு, மூன்றிலும் பதில் இல்லை என்றால்தான் கோடு போட்டு அடிக்க வேண்டும். ஆர்க்கெலைப் பற்றிக் கடைசியாக இருப்பது, அவன் முகாம் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கூப்பிட்டோம், பதில் இல்லை என்பதுதான். அப்புறம் அவனுக்கு என்ன ஆனது? உனக்கு ஏதாவது கிடைத்ததா?

லிங்கேஸ்வரன்


ஒனெஹுங்கா
2 டிசம்பர் 2025

லிங்கண்ணைக்கு,

ஆர்க்கெல் கிடைத்துவிட்டான்.

சனிக்கிழமை நூலகத்தில் பழைய பத்திரிகைச் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் மாறி, படையை விட்டு விலகி, இங்கே ஒனெஹுங்காவிலேயே தங்கிவிட்டான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் எடுத்து முட்டைக்கோவா போட்டிருக்கிறான். பிறகு நாற்பத்தொரு வருடம் இருந்திருக்கிறான், அண்ணை. வயது போன காலத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் பந்தடிக்கிறதை வேலியோரம் நின்று பார்ப்பானாம். அவனுடைய முட்டைக்கோவா அந்தப் பகுதியில் பெயர் பெற்றதாம்.

அவனும் செத்தவன் கணக்கில் வைக்கப்பட்டவன்தான். எழும்பி வந்து நாற்பத்தொரு வருடம் வாழ்ந்தான். அதனால் புதுத் திகதி வந்தவுடன் போங்கள். இருமாமல் போங்கள்.

எங்கள் களஞ்சியம் விரி என்கிற ஊருக்குப் போகிறது. அங்கே புதுக் கட்டடம் முடிந்துவிட்டது. ஜனவரிக்குள் இப்போதைய பென்ரோஸ் இடத்தைக் காலியாக்கச் சொல்லிவிட்டார்கள், அதற்குப் பிறகு உடைப்பார்களாம். அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறோம். கழற்றின பக்கத்தில் தரை தெரிகிறது. இவ்வளவு பெரிய இடத்தில் ஆறு வருடமாக நின்றேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

செபஸ்ரியன்


ஹென்டர்சன்
14 டிசம்பர் 2025

செபா,

எந்தப் பத்திரிகை? எந்தத் தேதி? எத்தனையாவது பக்கம்?

மூன்று வருடத்தில் நீ எனக்கு ஒரு தகவலையும் பக்க எண் இல்லாமல் கொடுத்ததில்லை. மாடு படுத்த தகவலுக்குக்கூடப் பக்க எண் போட்டவன் நீ. நாற்பத்தொரு வருடம் முட்டைக்கோஸ் போட்டவனுக்கு மட்டும் பக்க எண் இல்லையா?

இப்போது நான் சொல்கிறேன், கேள். முகாம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல் எனக்கு ஜூலை மாதமே கிடைத்துவிட்டது. தாமஸ் ஆர்க்கெல், வயது இருபத்து நான்கு, காய்ச்சல், 1866 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை. அவ்வளவுதான் அவன் கதை. உன்னிடம் சொல்லவில்லை. அந்த மாதம்தான் எனக்கு வால்வு என்று சொன்னார்கள். அந்த வரியைக் கையால் எழுத எனக்குப் பிடிக்கவில்லை, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். போன கடிதத்தில் உன்னிடம் கேட்டது ஏன் தெரியுமா? ஒருவேளை பதிவேடு தப்பாக இருக்கும், செபா வேறு ஏதாவது கண்டுபிடித்திருப்பான் என்று ஒரு ஆசை.

உன் கடிதத்தை ஒரு நாள் முழுக்க நம்பினேன். அந்த ஒரு நாள் நன்றாகத்தான் இருந்தது. தோட்டத்தில் போய் நின்றேன். ஷாமளா, "என்னாங்க, இன்னிக்கு முகம் தெளிவா இருக்கு?" என்று கேட்டாள். மறுநாள் இழுப்பறையைத் திறந்து பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இருதய நோயாளியிடம் பொய் சொல்லிவிட்டாய். பதினேழு வருடத்தில் இதுதான் முதல் பொய் என்று நினைக்கிறேன்.

சரி, நானும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நெஞ்சைத் திறந்து, இருதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அப்புறம் ஓட விடுவார்களாம். நிறுத்தி வைத்த அந்த நேரத்தில் நான் எந்தப் பட்டியலில் இருப்பேன்? என் பெயரை ஏற்கெனவே ஒரு தடவை வாசித்துவிட்டார்கள். கிறுக்குத்தனம் என்று தெரியும். தெரிந்தும் பயப்படுகிறேன்.

புதுத் தேதி ஜனவரி 20. இதையும் விட்டால் பட்டியலின் அடிக்குப் போய்விடுவீர்கள், வால்வு அதுவரை தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். போவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். உனக்கும் பொய் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

லிங்கேஸ்வரன்


ஒனெஹுங்கா
4 ஜனவரி 2026

லிங்கண்ணைக்கு,

பொய்தான். முட்டைக்கோவாவும் பொய், வேலியோரமும் பொய். சனிக்கிழமை நான் நூலகத்துக்கே போகவில்லை. எழுதும்போது எனக்கே அவன் அந்த வேலியில் நிற்பது தெரிந்தது, அதனால் எழுத லேசாக இருந்தது. மன்னியுங்கள்.

ஆனால் நீங்கள் தந்த திகதியை வைத்துக்கொண்டு பழைய கொப்பியைத் திரும்பத் திறந்தேன். இந்த முறை பக்க எண்ணோடு சொல்கிறேன்.

பக்கம் 61. 1866 ஜூன் 9, சனிக்கிழமை. கப்பற்காரரோடு பதினோராவது ஆட்டம். துறைமுகப் பக்கம் இருந்து பனிப்புகார் இறங்கி, ஆளை ஆள் தெரியாமல் போய்விட்டது. பக்கத்துக்கு ஒரு கோல். மிச்சத்தை இன்னொரு நாள் விளையாடுவது என்று நிறுத்திவிட்டார்கள். கீழே ஹேவர்ட் எழுதியிருக்கிறான்: ஆர்க்கெலைக் கூப்பிட்டோம், பதில் இல்லை, முதல் முறை.

பக்கம் 62. ஜூன் 16, சனிக்கிழமை. மழை, ஆட்டம் இல்லை. ஆர்க்கெலைக் கூப்பிட்டோம், பதில் இல்லை, இரண்டாம் முறை.

பதினாறாம் திகதி என்பதைக் கவனியுங்கள், அண்ணை. ஆர்க்கெல் செத்தது பன்னிரண்டு. சின்ன முகாம், ஒரே ஆஸ்பத்திரி. நாலு நாளுக்கு முதல் அவனைத் தூக்கிக்கொண்டு போனதே இவர்களாகத்தான் இருக்க வேண்டும். எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு மழைக்குள் போய் நின்று அவனுடைய பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் மூன்று வருடமாக இந்த வரியை வாசித்தோம், எங்களுக்கு இது தெரியவில்லை.

பக்கம் 63. ஜூன் 19. நாளை கப்பல் ஏறச் சொல்லி உத்தரவு, கழகம் இத்துடன் நிற்கிறது. அதன் கீழே கடைசிப் பட்டியல். பதினொரு பெயர், ஆர்க்கெலுடையதும் இருக்கிறது. கோடு இல்லை. மூன்றாவது சனிக்கிழமை 23ஆம் திகதி. அன்றைக்கு அவர்கள் கடலில். மூன்றாம் முறை அவனை யாரும் கூப்பிடவே இல்லை. விதிப்படி அவன் இன்றைக்கும் உறுப்பினன்.

கோயிலில் உங்கள் பெயரை வாசித்தபோது பதில் சொல்ல யாருக்கும் வாய்ப்பே கொடுக்கவில்லை. அங்கே அது முறையும் இல்லை. எங்கள் கழகத்து முறை வேறு. அந்தப் பிழையை நான் மைதானத்தில்தான் திருத்த வேண்டும். 10ஆம் திகதி சனிக்கிழமை பாதித் தரை காலியாகிவிடும். 17ஆம் திகதி முழுவதும். குளிரூட்டியையும் நிறுத்திவிடுவார்கள். 24ஆம் திகதி பின்னேரம் கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுக்க வேண்டும். மூன்று சனிக்கிழமை இருக்கிறது. எங்கள் பதினொரு பேரையும் கூப்பிடப் போகிறேன். மேலாளரிடம் கேட்டுவிட்டேன். விசர் என்று நினைத்திருப்பார், ஆனால் ஓம் என்றார். முடிந்தால் வாருங்கள்.

செபஸ்ரியன்


ஹென்டர்சன்
12 ஜனவரி 2026

செபா,

டெஸ்மன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? முந்தாநாள் பாதி காலியான கோல்ட் ஸ்டோரில் நின்று என் பெயரைக் கூப்பிட்டாயாம். ஏழு பேர் வந்தார்களாம், சதாசிவம் பதில் சொல்லும்போது அழுதானாம். என் பெயருக்குப் பதில் இல்லையாம். "முதல் முறை" என்று நோட்டில் எழுதினாயாம்.

இது எனக்குத் தைரியம் கொடுக்கவா, இருக்கிற தைரியத்தையும் எடுக்கவா?

உன் கடிதங்களை ஷாமளா படித்துவிட்டாள். மேசையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். இருமல் நாடகமும் வெளியே வந்துவிட்டது. இன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தக் கோல்ட் ஸ்டோர் எங்க இருக்கு?"

நான் 17ஆம் தேதி வர மாட்டேன். பத்து அடி நடந்தாலே இளைக்கிறது. 20ஆம் தேதியைப் பற்றிக் கேட்காதே.

லிங்கேஸ்வரன்


ஒனெஹுங்கா
17 ஜனவரி 2026, பின்னேரம்

லிங்கண்ணைக்கு,

தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைக்கு முதல் வராது. அதனால் நானே ஹென்டர்சன் வந்து உங்கள் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். மணி அடிக்க மாட்டேன்.

இன்றைக்கு முழுத் தரையும் காலி. குளிரை நிறுத்தி மூன்று நாள், உள்ளே இருந்த பழைய குளிரும் வெளி வெயிலும் கலந்து, ஒரு முழ உயரத்துக்குப் புகார் நின்றது. ஒவ்வொருவரும் முழங்காலுக்குக் கீழே இல்லாதவர்களாக நடந்து வந்தார்கள். உங்கள் படத்தை விரித்து வைத்து எங்கள் ஆள் ஜேசன் மைதானத்தை அளந்தான். பதினான்காம் வரிசை இருந்த இடத்தில் இரண்டு கைவண்டிகளைப் பிடி மேலே பார்க்க நிறுத்தினோம். டெஸ்மன் பந்து கொண்டு வந்தான். அவன் அடித்த முதல் பந்து புகாருக்குள் போய் எங்கேயோ சுவரில் மோதிற்று. திரும்பி வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மறுபக்கத்தில் யாரோ காலால் நிறுத்தி, பார்த்து, திருப்பித் தட்டிவிட்டது போலத்தான் எனக்குப் பட்டது. மற்றவர்களிடம் கேட்கவில்லை.

ஒன்பது பேர் வந்தார்கள், என்னோடு பத்து. பட்டியலைத் திரும்ப எழுதின என் கொப்பியை எடுத்தேன். முதலில் இடப்பக்கத்தை வாசித்தேன், கோயிலில் வாசித்திருக்க வேண்டிய பெயர்களை. ஆர்க்கெல் மட்டும் வாசிக்கவில்லை. அவனுக்கு மிச்சம் இருப்பது மூன்றாம் முறை, அதைக் கூப்பிட நான் யார்? பிறகு வலப்பக்கம். லிங்கேஸ்வரன் என்று கூப்பிட்டேன்.

அப்போதுதான் பெரிய கதவடியில் ஷாமளா அக்கா நிற்பதைக் கண்டேன். எப்போது வந்தார் என்று தெரியாது. கார்த் திறப்பு கையில் இருந்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் "பதில் இல்லை, இரண்டாம் முறை" என்று எழுதினேன். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் பெயருக்குப் பதில் சொன்னார்கள். அதுவரையும் அக்கா அசையாமல் நின்றார்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். நான் ஏச்சு வாங்க ஆயத்தமாகத்தான் இருந்தேன். கொப்பியை வாங்கிப் பார்த்தார். உங்கள் பெயருக்கு நேரே விரலை வைத்துக் கேட்டார், "இது எப்போ மூணாவது?" அடுத்த சனிக்கிழமை என்றேன். கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். "செவ்வாக்கிழமைக்கு அப்புறம் நாலாம் நாள். சரி. அன்னிக்கு வரைக்கும் யாராச்சும் கோடு கீடு போட்டீங்க, தொலைச்சிருவேன் லா" என்று உங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னார். கொப்பியைத் திருப்பித் தந்தார்.

அண்ணை, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். செத்தவன் என்று தெரிந்தும் ஒருவனுடைய பெயரை அடிக்காமல் மழைக்குள் நின்று கூப்பிட்ட கழகம் இது. உயிரோடு இருக்கிற உங்களை நாங்கள் விடப் போவதில்லை. இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. மூன்றாவது என் கையில் இருக்கிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. போய் வாருங்கள்.

செபா


ஆஸ்பத்திரி
24 ஜனவரி 2026, சனிக்கிழமை

செபா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நெஞ்சில் தையல், இருமினால் உயிர் போகிறது. இப்போது வருவது நிஜ இருமல்.

நிறுத்தி வைத்த நேரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மாடுகூட இல்லை. கண் திறந்தபோது ஷாமளா யாரோடோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், டெஸ்மனாகத்தான் இருக்கும். உன் நம்பரைத் திருப்பி என் போனில் போட்டுவிட்டாள். ஆனால் இதை எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கடைசி அத்தியாயத்தில் ஆர்க்கெல் செத்த தேதியை எழுது. மறைக்க வேண்டாம். ஆனால் பட்டியலில் கோடு போடாதே, ஹேவர்ட் விட்டபடியே விடு.

ஷாமளா இந்தத் தாளை எடுத்துக்கொண்டு இப்போதே பென்ரோஸுக்கு வருகிறாள். நீ சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் வந்துவிடுவாள். உனக்குச் சத்தமாகப் படிக்க வராது, எனக்குத் தெரியும். அவளிடமே விடு, கடைசி வரியை அவள் படிப்பாள். நீ பெயரை மட்டும் கூப்பிடு.

இருக்கேன்.